பதினேழாவது ஒட்டு

லிஃப்டுக்கு மூளை செய்கிற கம்பெனி அது. பெட்டி, கயிறு, மோட்டார் எல்லாம் வேறு ஆட்களின் பாடு. எந்த மாடியில் நிற்பது, எப்போது கதவைத் திறப்பது, எத்தனை நொடி பொறுத்து மூடுவது என்கிற புத்தியை மட்டும் இவர்கள் தருவார்கள். அந்தப் புத்தியிலும் முக்கால்வாசி இவர்கள் பெற்ற பிள்ளை இல்லை. எங்கெங்கோ இருக்கிற நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்த கம்ப்யூட்டர் கோட் அது. அலுவலகத்தில் அதற்குத் தாய்வீடு என்று பெயர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாய்வீட்டிலிருந்து புதுச் சரக்கு வரும். வந்ததும் தங்கள் வாடிக்கையாளர்களுக்காகச் செய்த மாற்றங்களை அதன்மேல் ஒவ்வொன்றாக மறுபடி ஏற்ற வேண்டும்.

மாற்றங்கள் மொத்தம் நாற்பத்தொன்று. படித்தவர்கள் பேட்ச் என்பார்கள், அலுவலகத்தில் ஒட்டு. அந்த நாற்பத்தொன்றையும் வரிசை குலையாமல் காபந்து பண்ணி, புதுச் சரக்கின் முதுகில் ஏற்றுகிறவள் ஒட்டுக்காரி. பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையில் இருந்தது. அட்டை எந்நேரமும் முதுகைக் காட்டித் தொங்கியதால் யாரும் அதைப் படித்ததில்லை.

அவளுடைய அப்பா துணிக்கடைக்காரர். மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று நாலு பேர் கேட்டால் சொல்லத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தவருக்கு, அவள் ஒருநாள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள்.

"ரெடிமேட் சட்டை லாட் வருதுப்பா. நம்ம வாடிக்கைக்காரருக்குச் சட்டைக்கை நீளமா இருக்கு. ரெண்டு விரல் குறைச்சுத் தைக்கிறோம். அடுத்த லாட் வந்தா மறுபடி அதே ரெண்டு விரல். இதுதான் என் வேலை."

"இதுக்கா அத்தனை வருஷம் படிச்சே?"

"இருங்க. ஒரு தடவை சட்டைக் கம்பெனிக்காரனே புத்தி வந்து ரெண்டு விரல் குறைச்சு அனுப்பிட்டான்னு வைங்க. அது தெரியாம நாமளும் கத்திரி வச்சா?"

"முழுக்கைச் சட்டை முக்கால் கையா நிக்கும்."

"சரி, அவன் ஒரு விரல் மட்டும் குறைச்சிருந்தா? குறைச்சுட்டான்னு நாம சும்மா விட்டுட்டா?"

அப்பா யோசித்தார். "வாங்கினவன் திரும்பி வந்து என் சட்டையப் பிடிப்பான்."

அன்றிலிருந்து அவர் யார் கேட்டாலும், என் மகள் கை அளக்கிறாள் என்று சொல்லி வந்தார். கேட்டவர்கள் அவளை டெய்லர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒட்டுக்காரி ஏற்றத் தொடங்கினாள். பிற்பகல் மூன்று மணிக்கு ஓர் ஆஸ்பத்திரியின் இன்ஜினியர் வருவதாக இருந்தது. ஒன்பது லிஃப்ட் உள்ள ஆஸ்பத்திரி, இரண்டு வருஷப் பழைய மூளையே அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. புது மூளையைச் சோதித்துப் பார்த்து, திருப்தியானால் கையோடு வாங்கிப்போய் அடுத்த நாளே ஒன்பதிலும் ஏற்றிவிடுவார்.

முதல் பதினாறு ஒட்டுகள் வழுக்கிக்கொண்டு போயின. அவற்றில் நான்கை இவர்களே முன்பு தாய்வீட்டுக்கு எழுதி அனுப்பியிருந்தார்கள். அங்கே அட்சரம் பிசகாமல் அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். அதனால் கணினி, இது ஏற்கெனவே இருக்கிறது, விட்டுவிட்டேன் என்று நான்கு தடவை சொல்லிவிட்டு மேலே போனது. நான்கு சுமை குறைந்த சந்தோஷத்தில் அவள் டீயை எடுத்து வாயில் வைத்தாள்.

பதினேழில் வண்டி நின்றது.

அவள் தொண்டையில் டீயும் நின்றது. ஏனென்றால் மற்றவை எல்லாம் கேட்டவருக்குச் செய்துகொடுத்தவை. பதினேழும் அதன் வாலான பதினெட்டும் மட்டும் யாரும் கேட்காமல் அவளே செய்தவை.

போன வருஷம் அதே ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் வேலையாகப் போயிருந்தாள். லிஃப்ட் வாசலில் ஒரு ஸ்ட்ரெச்சர். முன் சக்கரம் உள்ளே போய்விட்டது, பின் சக்கரம் இன்னும் வெளியே. கதவு மூட ஆரம்பித்தது. வாசலில் குறுக்கே இரண்டு ஒளிக்கதிர்கள் ஓடும். ஒன்று கணுக்கால் உயரத்தில், ஒன்று முழங்கால் உயரத்தில். ஏதாவது மறித்தால் கதவு திறக்க வேண்டும். ஸ்ட்ரெச்சருக்கு நான்கு மூலையிலும் நான்கு கால்தான். நடுவில் வெற்றிடம். கதிர் அந்த வெற்றிடம் வழியாக ஜாலியாகப் போய்க்கொண்டிருந்தது. ஆள் இல்லை என்று கதவு மூடியது. தள்ளிக்கொண்டு வந்த ஆள் தன் முழங்கையைக் குறுக்கே கொடுத்தார். முட்டிய பிறகுதான் கதவு விட்டது. அவர் கை வீங்கியிருந்தது. அவள் பதறியபோது அவர் சிரித்தார். "இந்தக் கதவுக்கு என் கைதாம்மா சென்சார்" என்றார். முழங்கைக்கு மேலே வரை பழைய காயங்கள் வரிசையாக இருந்தன.

அன்று மாலையே உட்கார்ந்து எழுதியதுதான் பதினேழு. அதில் இரண்டு பாதி. முதல் பாதி: கதிர் மறித்தால் கதவு ஒரு தடவைக்குப் பதில் மூன்று தடவை திறந்து பொறுக்க வேண்டும். இரண்டாம் பாதி நாலே வரி: கதிர் மறிக்காவிட்டாலும், கடைசி இரண்டு நொடியில் பெட்டியின் எடை மாறியிருந்தால், யாரோ ஏறிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள், மூடாதே.

இப்போது திரையில் இரண்டு பக்கமும் எதிரும் புதிருமாக நின்றன. மேலே தாய்வீட்டுச் சரக்கு, கீழே அவள் ஒட்டு. மூன்று தடவை திறக்கும் சங்கதி மேலேயும் இருந்தது. பெயர்களை மட்டும் மாற்றி, ஓரங்களை மடித்து, இஸ்திரி போட்டு வைத்திருந்தார்கள். அட்சரம் மாறியதால்தான் இரண்டும் ஒன்று என்று கணினிக்குத் தெரியவில்லை. அந்த நாலு வரி மேலே இல்லை.

யார் அனுப்பியது என்று தாய்வீட்டுப் பதிவைப் பார்த்தாள். பதினோரு வாரத்துக்கு முன்னால். அனுப்பியவர் பெயர் அவளுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். அவளுடைய மேனேஜர்.

மேனேஜரை அலுவலகத்தில் ஆகட்டும் என்பார்கள். வாடிக்கையாளர் எது கேட்டாலும் ஆகட்டும் என்பார். ஆக்கித் தர வேண்டியது என்னவோ மற்றவர்கள்.

பக்கத்து மேஜையில் இருந்தவள் டெஸ்டர். பத்து வயது மூத்தவள். எதையும் மூக்குக்கு அரை அடியில் வைத்துப் பார்ப்பதால் பூதக்கண்ணாடி அக்கா. ஒட்டுக்காரி திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

அக்கா இரண்டு பக்கத்தையும் படித்தாள். "ஏன்டி, இது உன் குழந்தை இல்ல?"

"என் குழந்தைதான். மொட்டை போட்டு, பேர் மாத்தி, அடுத்த வீட்டுல விட்டிருக்காங்க."

"மொட்டையோட நிறுத்தலையே. ஒரு காதையும் காணோமே."

"அதுதான்க்கா எரியுது. பேரை எடுத்துட்டுப் போகட்டும். காதை ஏன் அறுத்தாரு?"

"எடை பார்க்கிற சமாச்சாரத்தைச் சேர்த்தா தாய்வீட்டுத் தாடி நூறு கேள்வி கேட்பான். டெஸ்ட் எங்க, விளக்கம் எங்கன்னு." தாடி என்பது தாய்வீட்டில் வருவதையெல்லாம் சலித்து உள்ளே விடுகிற ஆள், படத்தில் தாடி மட்டும்தான் தெரியும். "நம்மாளுக்குப் பதில் தெரியாது. தெரிஞ்ச பாதியை மட்டும் தள்ளிவிட்டுட்டாரு. இல்லேன்னா அடுத்த மாசம் தாய்வீட்டுப் பெரிய கூட்டத்துல மேடை ஏற முடியுமா? கோட்டு தைக்கக் கொடுத்திருக்காராம்."

நேரே போய்க் கேட்டுவிடுவது என்று ஒட்டுக்காரி எழுந்தாள்.

ஆகட்டும் சாரின் அறையில் கண்ணாடிக் கதவு, சுழல் நாற்காலி, மேஜையில் மூடியே இராத ஒரு லேப்டாப். அவள் விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன்பே அவர் கையைத் தூக்கினார்.

"அது டூப்ளிகேட்ம்மா. தாய்வீட்டுலயே வந்தாச்சுன்னா நாம ஏன் சுமக்கணும்? ஸ்கிப் அடி. போயிட்டே இரு."

"பாதிதான் சார் டூப்ளிகேட். எடை பார்க்கிற நாலு வரி அங்க இல்ல. ஸ்கிப் அடிச்சா அதுவும் சேர்ந்து போயிடும்."

"நாலு வரிக்கு இவ்வளவு வியாக்கியானமா? மூணு மணிக்கு ஆள் வர்றாரு."

"அவருக்காகத்தான் சார் சொல்றேன். அவர் ஆஸ்பத்திரியில பார்த்துட்டு வந்து எழுதினது."

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். தெரிஞ்சுதானே பதினோரு வாரத்துக்கு முன்னாடி அனுப்பியிருக்கீங்க."

ஆகட்டும் சார் நாற்காலியை அரைச் சுற்று சுற்றி, மறுபடி முகத்தைக் கொண்டுவந்தபோது அதில் புன்சிரிப்பு ஒட்டியிருந்தது.

"கம்பெனிக்காக எழுதினது கம்பெனியோடது. யார் பேர்ல போனா என்ன?"

"பேரைப் பத்தி நான் வாயே திறக்கலையே சார். நாலு வரியைப் பத்தித்தான் பேசுறேன்."

"சரி, அடுத்த ரிலீஸ்ல சேர்த்துக்கலாம்."

"மூணு மாசம்."

"மூணு மாசம் என்ன பெரிய..."

"ஒன்பது லிஃப்ட் சார். ஒரு நாளைக்கு எத்தனை ஸ்ட்ரெச்சர் ஏறும்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "இதப் பாரு. கூட்டத்துக்கு ரெண்டு பேர் போகலாம்னு சொல்லியிருக்காங்க. நீயும் வா. மேடையில உன் பேரையும் சொல்றேன்."

"வேண்டாம் சார்."

"டீம் லீடர் இடம் காலியா இருக்கு. மேல பேசுறேன்."

"பேசுங்க. ஆனா பதினேழு ஏறணும்."

கடையில் வளர்ந்தவளுக்கு இந்த வாசனை தெரியும். வாங்குகிறவன் வாய் திறக்குமுன்பே விற்கிறவன் மளமளவென்று இறங்கினால் துணியில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. இங்கே கண் மூடித் திறப்பதற்குள் மூன்று படி இறங்கியாயிற்று. அவள் தன் பக்கத்தில் ஒரே விலைதான் சொன்னாள். அது வந்தபோது சொன்ன விலை.

"அப்ப ஸ்கிப் அடிக்க மாட்டே?"

"மாட்டேன் சார்."

"நான் சொல்றேன்."

"நீங்க சொல்றீங்க. நான் மாட்டேங்கிறேன். இதுல புரியாதது என்ன சார் இருக்கு?"

புன்சிரிப்பு கழன்று விழுந்தது. "நீ செய்யாட்டா நான் செய்ய மாட்டேனா? இந்த வேலை எல்லாம் நீ பிறக்கிறதுக்கு முன்னாடி நான் பார்த்தது."

செய்தார். அரை மணி நேரம் கண்ணாடி வழியாக அலுவலகமே பார்த்துக்கொண்டிருக்க, தன் லேப்டாப்பில் தானே ஏற்றினார். பதினேழில் ஸ்கிப். பதினெட்டு முரண்டு பிடித்தது. அது பிடிக்காமல் என்ன செய்யும்? பதினேழின் நாலு வரி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கிற டெஸ்ட் அது. யாரைப் பரீட்சை பண்ண வந்ததோ அந்த ஆளையே காணோம் என்று நின்றது. இது இல்லாத எதையோ சோதிக்கிறது, பழைய குப்பை என்று அதையும் தூக்கினார். மீதி எல்லாம் சமர்த்தாக ஏறின. சர்வரில் இருந்த அவளுடைய பிரதிக்கு மேலேயே தன்னுடையதை வலுக்கட்டாயமாக வைத்து மூடினார். டெஸ்ட் அத்தனையும் ஓடி, திரை முழுக்கப் பச்சை. அறைக்கு வெளியே வந்து, பந்தியில் கடைசி இலை வரைக்கும் பரிமாறி முடித்தவர் மாதிரி கையைத் தட்டினார்.

"பார்த்தீங்களா? ஒரு சிவப்பு கிடையாது. எல்லாம் பச்சை. இதுக்குத்தான் காலையில இருந்து ஒப்பாரியா?"

பூதக்கண்ணாடி அக்கா திரையை மூக்குக்கு அரை அடியில் வைத்துப் பார்த்தாள். "சார், நேத்து இருநூத்திப் பன்னெண்டு டெஸ்ட் பாஸ்."

"இன்னிக்கும் எல்லாம் பாஸ்தானே?"

"எல்லாம் பாஸ். இருநூத்திப் பதினொண்ணு."

ஆகட்டும் சார் தட்டிய கையை இறக்கினார். "டூப்ளிகேட் டெஸ்ட் ஒண்ணு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"ஃபெயில் ஆகிற பையனை ஸ்கூலை விட்டுத் துரத்திட்டு நூத்துக்கு நூறு பாஸுன்னு போர்டு வைக்கிறாரு" என்றாள் அக்கா. "நீ என்னடி இப்படிச் சிரிக்கிறே? உன் வேலையை மூடி மண்ணைப் போட்டுட்டாரு."

"அவர் மூடினது சர்வர்ல இருக்கிறதை. பழைய நாப்பத்தொண்ணும் என் மெஷின்ல அப்படியே இருக்கு." அவள் சிரிக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பார்ப்பதற்குச் சிரிப்பு மாதிரி இருந்தது. "அக்கா, அந்த டீ வண்டி கீழ்த்தட்டு இன்னும் போடலைதானே?"

அலுவலகத்தின் பின்கோடியில், சுவரை ஒட்டி, ஒரு நிஜ லிஃப்ட் கதவு நின்றது. இரண்டு பக்கமிருந்தும் வந்து மூடும் கதவு. அதற்குப் பின்னால் பெட்டி கிடையாது. எடையை உணரும் ஓர் இரும்புப் பலகை, அதற்கு அப்பால் சுவர். புது மூளையை அதில் மாட்டித்தான் வருகிறவர்களுக்குக் காட்டுவார்கள். எத்தனை தடவை ஏறினாலும் எங்கும் போகாத லிஃப்ட் என்று வேலையில் சேர்ந்த முதல் நாளே எல்லோரும் ஒரு தடவை சிரித்துவிடுவார்கள்.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி இன்ஜினியர் வந்தார். கனத்த மனிதர், இடுப்பில் அளவு நாடா, வாயில் கொஞ்சம் சொற்கள். ஆகட்டும் சார் அவரைக் கதவுக்கு முன்னால் நிறுத்தி, தானே உள்ளே போய் வந்து, கையை நீட்டி, காலை நீட்டி வித்தை காட்டினார். கதவு ஒவ்வொரு தடவையும் பவ்வியமாகத் திறந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

"முன்னாடி ஒரு தடவைதான் திறக்கும் சார். இப்ப மூணு. இது தாய்வீட்டுலயே நான் சேர்த்தது."

இன்ஜினியர் தலையை ஆட்டினார். கையெழுத்துப் போட வேண்டிய தாள் வந்தது. பேனாவும் வந்தது.

அப்போது கடகடவென்று சத்தம் கேட்டது. ஒட்டுக்காரி டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மேலே ஒரே தட்டு, நாலு மூலையில் நாலு மெல்லிய கால். கீழ்த்தட்டு போன வருஷமே கழன்று விழுந்து, டீக்காரர் அதைச் சரிசெய்ய நேரமில்லாமல் வருஷம் ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னால் அவரே ஓடிவந்தார், இரண்டு கையிலும் இரண்டு ஃபிளாஸ்க்கோடு.

"என் வண்டியை எங்கம்மா இழுத்துட்டுப் போறே?"

"ஒரு நிமிஷம் அண்ணே. ஸ்ட்ரெச்சரா நடிக்கப் போகுது."

"டீக்கு இப்ப நேரமில்லம்மா" என்றார் ஆகட்டும் சார்.

"டீ இல்ல சார். டெஸ்ட். இருநூத்திப் பன்னெண்டாவது."

இன்ஜினியர் பேனாவை மூடவில்லை. ஆனால் எழுதவும் இல்லை. வண்டியின் கால்களைப் பார்த்தார். அளவு நாடாவை உருவி, தரையிலிருந்து தட்டு வரை அளந்தார். "எங்க ஸ்ட்ரெச்சர் இன்னும் ரெண்டு விரல் உயரம்" என்றார்.

ஒட்டுக்காரி ஆகட்டும் சாரைப் பார்த்தாள். "சார், இந்தக் கதவு மேல உங்களுக்கு நம்பிக்கைதானே?"

"என்ன கேள்வி இது?"

"அப்ப உங்க லேப்டாப்பை இந்தத் தட்டு மேல வைங்க. நான் பாதி உள்ள தள்ளி நிறுத்துறேன். கதவு மூடட்டும்."

அவர் லேப்டாப் கையில்தான் இருந்தது. வித்தை காட்ட எடுத்து வந்திருந்தார். அது மெல்ல அவர் மார்போடு போய் ஒட்டிக்கொண்டது.

கடையில் இந்தக் காட்சியை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். சாயம் போகவே போகாது என்று சத்தியம் செய்யும் மொத்த வியாபாரியிடம் அப்பா ஒரு வாளி தண்ணீரை நகர்த்தி வைப்பார். உங்க தோள்ல கிடக்கிற துண்டும் அதே துணிதானே, முக்குங்க என்பார். துண்டைத் தோளிலிருந்து எடுக்கிற வேகத்திலேயே அப்பாவுக்குப் பதில் கிடைத்துவிடும். துண்டு பெரும்பாலும் நனையாது.

"வைங்க சார்" என்றார் இன்ஜினியர். அதுவரை அவர் பேசியதிலேயே அதுதான் ஆகக் கனிவான குரல்.

"அது... கம்பெனி சொத்து. இப்படி எல்லாம் விளையாட..."

"ஸ்ட்ரெச்சர்ல படுத்து வர்றது யார் சொத்து சார்?" என்றாள் ஒட்டுக்காரி.

டீக்காரர் ஃபிளாஸ்க்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார். இன்ஜினியர் வந்ததும் கொடுத்த டீக் கோப்பையை, பக்கத்து மேஜையில் வாய் வைக்காமல் வைத்திருந்ததை, விளிம்பு வரை நிறைந்ததை, தட்டின் நடுவில் வைத்தார். ஒட்டுக்காரி வண்டியை முன் சக்கரங்கள் பலகையில் ஏறும்வரை தள்ளிவிட்டுக் கையை எடுத்தாள்.

கதிர்கள் இரண்டும் கால்களுக்கு நடுவே ஓடின. கதவுக்குக் கண் தெரியவில்லை. சாவதானமாக இரண்டு பக்கமிருந்தும் வந்து, வண்டியை இடுப்பில் நறுக்கென்று பிடித்தது. கோப்பை சாய்ந்தது. டீ தட்டில் ஓடி, விளிம்பைத் தாண்டி, ஆகட்டும் சாரின் ஷூவில் இறங்கியது. அதற்குப் பிறகு, முட்டியதை உணர்ந்து, கதவு திறந்தது.

"முட்டின பிறகு விட்டுரும் சார்" என்றாள் ஒட்டுக்காரி. "முட்டுறதுக்கு முன்னாடி நிறுத்த நாலு வரி எழுதியிருந்தேன். டூப்ளிகேட்னு காலையில எடுத்துட்டாங்க."

இன்ஜினியர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "எங்க ஆள் ஒருத்தர் கை எப்பவும் வீங்கியே இருக்கும்" என்றார். "கேட்டா, எங்கேயோ இடிச்சுக்கிட்டேன்னு சொல்வாரு."

"அவரைப் பார்த்துத்தான் சார் எழுதினேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாப்பது நிமிஷம்."

"இருக்கேன். டீ இன்னொண்ணு இருக்கா?"

டீக்காரர் முகம் மலர்ந்தது. அன்றைய நாளில் அவரிடம் யாரும் முறையாகக் கேட்ட முதல் டீ அது.

ஒட்டுக்காரி உட்கார்ந்தாள். தன்னிடமிருந்த பழைய நாற்பத்தொன்றையும் புதுச் சரக்கின்மேல் முதலிலிருந்து ஏற்றினாள். நான்கு தானாக விலகின. பதினேழில் நின்றது. இந்த இடத்தில் அவளுக்கு ஆசை ஒன்று வந்து போனது. மேலே இருப்பதை அழித்து, முழுக்கத் தன்னுடையதையே வைத்துவிடலாம். வைத்தால் மனசு குளிரும். அடுத்த மூன்று மாதத்தில் அதே இடத்தில் அதே சண்டை மறுபடி வரும். அதனால் மூன்று தடவை திறக்கும் பாதியை, மேனேஜர் பெயரோடு, தாய்வீட்டில் இருக்கிறபடியே விட்டாள். தன் பக்கத்தில் அதே வேலையைச் செய்த வரிகளை எல்லாம் தன் கையாலேயே வெட்டினாள். மிஞ்சியது நாலு வரி. அவற்றில் இருந்த பழைய பெயர்களைத் தாய்வீட்டுப் புதுப் பெயர்களுக்கு மாற்றித் தைத்தாள். பதினேழு இப்போது நண்டுக்குஞ்சு மாதிரி சின்னதாக இருந்தது. கொடுக்கு மட்டும் அப்படியே. பதினெட்டு அதன்மேல் பேசாமல் ஏறியது.

"இருநூத்திப் பன்னெண்டு" என்று பூதக்கண்ணாடி அக்கா ஏலம் கூவுகிற மாதிரிக் கூவினாள்.

வண்டி மறுபடி கதவுக்கு வந்தது. நிறைந்த கோப்பை தட்டில் ஏறியது. முன் சக்கரம் பலகையைத் தொட்டதும், மூட வந்த கதவு பாதி வழியில் நின்றது. பிறகு பின்வாங்கியது. காத்தது. இன்ஜினியர் வண்டியை வேண்டுமென்றே ஆமை வேகத்தில் தள்ளினார், ஒரு நொடி நின்றார், மறுபடி தள்ளினார். கதவு அசையவில்லை. பின் சக்கரமும் ஏறி, இரண்டு நொடி கழிந்த பிறகு மூடியது. இன்ஜினியர் கதவைத் திறந்து, கோப்பையை வெளியே எடுத்து, துளி சிந்தாததைப் பார்த்து, குடித்துவிட்டு, தாளில் கையெழுத்துப் போட்டார்.

அவர் போனதும் ஆகட்டும் சார் ஈர ஷூவோடு அவள் மேஜைக்கு வந்தார். நடக்கும்போது ஒரு கால் மட்டும் சத்தம் போட்டது.

"சரி. நடந்தது நடந்துபோச்சு. அந்த நாலு வரி நம்ம கிட்டயே இருக்கட்டும். தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். புரியுதா? கூட்டம் முடியட்டும், நானே பார்த்து..."

"அங்கேயும் அந்தப் பாதி கதவுதானே சார் ஓடிட்டிருக்கு. அதை எடுத்து மாட்டுற மத்தவங்க லிஃப்டுக்கு யார் முழங்கை கொடுக்கிறது?"

"அனுப்பாதேன்னு சொல்றேன்."

"அனுப்பிட்டேன் சார். டெஸ்ட்டோட. நீங்க ஷூ துடைச்சிட்டு இருந்தப்ப."

அவர் முகத்தில் நிறம் மாறி மாறி வந்தது. எதில் நிற்பது என்று முடிவாகவில்லை. மேனேஜர்களுக்கென்று கடைசியாக ஓர் ஆயுதம் உண்டு. அதை உருவினார்.

"என் பேச்சை மீறினதுக்கு எனக்கு எழுத்து மூலமா விளக்கம் வேணும். என்ன நடந்தது, ஏன் செஞ்சே, எல்லாம். நாளைக்குக் காலையில என் மேஜையில இருக்கணும்."

ஒட்டுக்காரி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கழுத்து அட்டை எப்படியோ புரண்டு, அன்றைக்கு முகத்தைக் காட்டித் தொங்கியது.

"நாளைக்கு எதுக்கு சார்? எழுதியாச்சு. ஒட்டு அனுப்பும்போது கூடவே விளக்கம் வைக்கணுமே, அதுல இருக்கு. முதல் பாதி யார் அனுப்பினது, எந்த நாலு வரி விட்டுப்போச்சு, அது இல்லாம கதவு எப்படிக் கடிக்கும், எல்லாம். தாடி படிச்சுட்டாரு. முதல்ல அனுப்பினவரையே ஒரு கேள்வி கேட்டிருக்காரு." அவள் கிளம்பினாள். "உங்க மெயில்ல வந்திருக்கும், பாருங்க சார்."

பின்கோடியில் டீக்காரர் தன் வண்டியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். கதவு அவருக்காகப் பொறுமையாகத் திறந்தே நின்றது.